‘கூடவே’ எனும் கொக்கி

“குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், வேறு வேலை ஒன்றுமில்லை” — சங்ககிரியில் பவானி சாலையிலும் திருச்செங்கோடு சாலையிலும் புதிது புதிதாய் எழும்பும் வீடுகளில், ஆயா ஒருத்தியை அமர்த்தும்போது சொல்லப்படும் முதல் வாக்கியம் இது. சொல்பவர்க்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. முதல் வாரம் அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. இரண்டாம் வாரம், “ஏனுங்கக்கா, பையன் தூங்கிட்டானுங்களா? அப்படியே கூடவே இந்த நாலு பாத்திரத்தையும் கழுவிப் போட்டுருங்க” என்று ஒரு குரல். நாலு பாத்திரந்தானே! “சரிங்க டீச்சர்” என்கிறாள் ஆயா. மூன்றாம் வாரம் பாத்திரத்தோடு கூடவே கூடம் பெருக்குதல். அடுத்த திங்கள் கிரைண்டரில் மாவு, மாடியில் காயும் துணி, விருந்தினருக்குக் காப்பி, வீட்டுக்காரரின் சட்டைக்கு இஸ்திரி, நியாய விலைக் கடையில் வரிசை. ஆண்டு முடியுமுன், குழந்தையைப் பார்ப்பதுதான் ‘கூடவே’ செய்யும் வேலை என்றாகிவிடுகிறது!

கூடவே — என்ன அழகான சொல்! எடை இல்லை, ஓசை இல்லை, அதட்டல் இல்லை. ஆணையிட்டால் எதிர்த்துக் கேட்கலாம், கெஞ்சினால் மறுக்கலாம். கூடவே என்றால் என்ன செய்வது? கொக்கியில் இரையைச் செருகி நீரில் விடுபவன் மீனை அதட்டுவதில்லை. நூலைத் தளர விடுகிறான், அவ்வளவே. அந்தக் கொக்கியைத்தான் இக்கட்டுரையில் சற்றே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க விரும்புகிறோம், தோழர்களே.

ஆசிரியர் அறையில் நண்பகல் உணவு வேளையில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆயாவிடம் எந்த எந்த வேலையை எதிர்பார்க்கலாம்? குழந்தையின் துணியைத் துவைக்கச் சொல்லலாமா? அதனோடு பெரியவர்களின் துணியைச் சேர்த்தால் என்ன? இயந்திரந்தானே துவைக்கிறது? — இப்படி வழக்காடுவோர் எல்லாரும் பெண் ஆசிரியர்களே. ஆண் ஆசிரியர்கள் அந்நேரம் செய்தித்தாளை விரித்து உலக அரசியலை ஆராயத் தொடங்குகிறார்கள். வீட்டிலே துலக்கப்படாமல் கிடக்கும் தட்டு அவர்களுடையதும் ஆகும் என்னும் எண்ணம் அந்தத் தாளின் மறைவில் வசதியாக ஒளிந்து கொள்கிறது. இதைப் பின்னர் பார்ப்போம்.

பெண்கள் வேலைக்குச் செல்வதால் வந்த வினை என்று சில பெரியவர்கள் கூறுவர். அது வீண் பேச்சு. இந்த மண்ணில் பெண்கள் என்றைக்கு வேலைக்குச் செல்லாதிருந்தனர்? களை எடுத்தவர் யார், பருத்தி பொறுக்கியவர் யார், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியோடு தறியாய் நிற்பவர் யார்? அவர்களுடைய குழந்தைகளை மரத்துத் தூளியும் மூத்த பெண்ணும் பார்த்துக் கொண்டார்கள். அதைப் பற்றி எவரும் கட்டுரை எழுதவில்லை. இன்று கல்லூரி கண்ட பெண் வங்கியிலும் பள்ளியிலும் லாரி அலுவலகத்திலும் அமர்கிறாள்; கணவன் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய்த் திங்கள் கணக்கில் திரும்பாதிருக்கிறான்; மாமியாரோ ஊரில் மாட்டையும் தோட்டத்தையும் விட்டு வர இயலாதவர். ஆள் தேவைப்படுகிறது, அது குற்றமன்று. அரசு ஊழியராயின் 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 திங்கள். தனியார் பள்ளியாயின், 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியது முதல் 26 வாரம். 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. கூறுகிறது! நாம் படியேறிய பள்ளிகளில் கணினி அறை கண்டோம், கராத்தே அறை கண்டோம், பூசை அறையும் கண்டோம்; தொட்டில் கட்டிய அறையை மட்டும் கண்டதில்லை. ஆகவே 27ஆம் வாரம் ஆயா வருகிறாள்.

அவளுடைய வேலை எது? நமது துணிபை முதலிலேயே வைத்துவிடுகிறோம். குழந்தையைச் சார்ந்தது அவள் வேலை. குடும்பத்தைச் சார்ந்தது அவள் வேலையன்று. குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவாள், ஊட்டுவாள், ஊட்டிய இடத்தில் சிந்தியதைத் துடைப்பாள். பால் புட்டியைக் கொதிநீரில் இடுவாள். குளிப்பாட்டுவாள், அதன் துணியைத் துவைத்து மடிப்பாள், தூளியை உதறிக் கட்டுவாள், விளையாட்டுப் பொருளைப் பொறுக்கி வைப்பாள். குழந்தை இல்லாவிடினும் அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடிய வேலை எதுவோ — தந்தையின் சட்டை, தாயின் புடவை, நேற்றிரவுக் குழம்புச் சட்டி, குளியலறைத் தரை — அது அவளுடையதன்று. வேண்டுமாயின் அதற்குப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நேரம் குறிக்க வேண்டும். கூலி தனியே பேச வேண்டும். அவள் முடியாது என்றால் அந்தச் சொல்லை ஏற்க வேண்டும்.

“அதெல்லாம் சரி, குழந்தை இரண்டு மணி நேரம் தூங்குகிறதே, அப்போது சும்மாதானே இருக்கிறாள்?” என்பர். இங்கேதான் வழக்கின் உயிர் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது?

வங்கி வாயிலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். நாள் முழுதும் நிற்கிறார், திருடன் வருவதில்லை. “சும்மாதானே நிற்கிறீர், தரையைத் துடைத்துவிடும்” என்று மேலாளர் சொல்வதுண்டா? திருடன் வராத வேளைக்குந்தான் அவருக்குச் சம்பளம் என்பது மேலாளருக்குத் தெரியும். காவல் என்பதே ஒரு வேலை. உறங்கும் குழந்தை பால் கக்கும். புரண்டு துணியில் முகம் புதைக்கும். விழித்து, ஓசையின்றி இறங்கித் தவழும். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே கிணறாகும். கிரைண்டர் சுழலும் ஓசையில் அறையில் எழும் திணறல் கேட்காது. இரண்டு கண்ணையும் குழந்தைமேல் வை என்றும், இரண்டு கையையும் பாத்திரத்தில் வை என்றும் ஒரே ஆளிடம் சொல்பவர், தம் குழந்தையின் காவலைத் தாமே பாதியாய் வெட்டி, அந்தப் பாதியை நான்கு பாத்திரத்துக்கு விற்றுவிடுகிறார். அன்றியும், அவள் உண்ண வேண்டாமா? குழந்தை விழித்திருக்கும்போது அமைதியாய் ஒரு கவளம் உண்டவர் யார்?

இதில் விந்தை என்னவெனில், கூலிக் கணக்கில் நமது ஊரை மிஞ்சுவதற்கு ஊர் இல்லை. லாரித் தொழிலில் வாழும் ஊர் இது. ஓட்டுநர் சம்பளம் வேறு, பேட்டா வேறு. கிளீனர் கணக்கு வேறு. ஏற்றுக்கூலி வேறு, இறக்குக்கூலி வேறு. “வண்டியை ஓட்டிக்கொண்டு கூடவே பத்து டன் சிமென்ட் மூட்டையை இறக்கிவிடப்பா” என்று ஓட்டுநரிடம் சொல்லும் உரிமையாளரை இன்னும் இந்த ஊர் கண்டதில்லை. சொன்னால் சாவி மேசைமேல் விழும்! அத்தனை நுட்பமாய்க் கணக்கெழுதும் அதே மனிதர், மாலை வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டை மூடிவிடுகிறார். வீட்டுக்குள் நடப்பது வேலையே அன்று என்று அவர் பிறந்தது முதல் கற்பிக்கப்பட்டிருக்கிறார். தாய் செய்தாள், கூலி கேட்கவில்லை. மனைவி செய்தாள், கூலி கேட்கவில்லை. ஆயா மட்டும் ஏன் கேட்கிறாள் என்பது அவர் வியப்பு. நமது பக்கத்துப் பண்ணையங்களிலும் இதே முறைதான் இருந்தது. ஆண்டுக் கூலி பேசுவது பண்ணையாளோடு. விடியற்காலையில் கட்டுத்தரைச் சாணி வாரவும் வாசல் கூட்டவும் வந்து நிற்பவளோ அவன் மனைவி. அன்றைய ‘கூடவே’ அவள்.

பண்டைத் தமிழர் இதை எவ்வாறு எண்ணினர்? அகப்பாடல்களிலே பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், இருவரும் தாயரே. தலைவி உடன்போனால் பாலை நிலத்தில் அவளைத் தேடிச் செல்லும் உரிமை செவிலிக்கு உண்டு. பிற்கால நிகண்டுகளோ செவிலித் தாயரை ஐவராகப் பகுத்தன: நீராட்டுபவள் ஆட்டுவாள், உணவூட்டுபவள் ஊட்டுவாள், தாலாட்டுபவள் ஓலுறுத்துவாள், பேச்சும் கதையும் பயிற்றுபவள் நொடிபயிற்றுவாள், கையிலேந்தி வளர்ப்பவள் கைத்தாய். ஐவர்! ஒரு குழந்தைக்கு ஐந்து பெண்களை வைத்த செல்வரின் மாளிகைக் கணக்கு அது, குடிசைக்குப் பொருந்தாது. நாம் அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குழந்தை வளர்ப்பு என்பது ஐந்து பெயர் சூட்டத்தக்க அளவுக்குத் தனித்தனி உழைப்பு அடங்கிய தொழில் என்பதை மொழி அன்றே அறிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறோம். இன்று அவ்வைந்தும் ஒருத்தி தலையில். ஆறாவதாகக் குழம்புச் சட்டி.

‘ஆயா’ என்ற சொல்லோ போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. பின்னர் வந்த வெள்ளையர் பங்களாக்களில் ஆயாவின் வேலைக்கு வரம்பு இருந்தது. குழந்தையையும் துரைசானியின் உடைகளையும் அவள் பார்ப்பாள். சமையலுக்கு வேறு ஆள், துணிக்கு வேறு ஆள், பெருக்குவதற்கு வேறு ஆள். அடடா, எவ்வளவு ஒழுங்கு என்று மயங்கிவிடாதீர்! அந்த வரம்பை இட்டது நியாயமன்று, சாதி. இன்னார் தொட்டதை இன்னார் தொடார் என்பதால் பத்து ஆட்கள் நின்றார்கள். அந்த வரம்பும் கப்பல் ஏறும்போது காணாமற் போயிற்று. கடற்பயணத்தில் குழந்தைகளைக் காக்கவென்று அழைத்துச் செல்லப்பட்ட ஆயாக்கள் பலர், இலண்டனில் இறங்கியதும் திரும்பும் வழிச்செலவின்றிக் கைவிடப்பட்டனர். அவர்கள் தங்குவதற்கென்றே ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று அந்நகரில் இயங்கிற்று. ஹாக்னி பகுதியில் அது இருந்த கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

சாதி இட்ட அந்த வரம்பு இன்றும் உயிரோடிருப்பதை நாம் மறைக்கலாகாது. ஆயாவை அமர்த்தும்போது “வேலை பழக்கமா?” என்பதற்கு முன் “நீங்க என்ன ஆளுங்க?” என்பது கேட்கப்படுகிறது. குழந்தையைத் தூக்க ஒரு சாதி, குளியலறை கழுவ வேறொரு சாதி என்று பொறுக்கும் வீடுகள் உண்டு. அவள் விரலால் பிசைந்த சோறு குழந்தையின் வாய்க்குள் போகலாம். அவள் வாய் வைத்த குவளை மட்டும் சமையலறைத் தட்டில் மற்றக் குவளைகளோடு சேரலாகாதாம்! குழந்தையைவிடக் குவளைக்குத் தூய்மை மிகுதி போலும். இன்னொரு புறம், “கழிவறை கழுவுவது எங்க ஆளுங்க வேலை இல்லீங்க” என்று மறுக்கும் ஆயாவும் உண்டு. அவள் மறுப்பது சரி. சொல்லும் காரணம் தவறு. எந்த ஆளுக்கும் அது பிறவி வேலையன்று. பேசிய வேலையில் அது இல்லை என்பதே போதுமான காரணம். அவள் அக்காரணத்தைச் சொல்லக் கற்கும் நாளில், அடுத்த தெருவில் கழிவறை கழுவுபவளும் கையுறையும் கூலி உயர்வும் கேட்கக் கற்றிருப்பாள்.

இதுவரை சொன்னது ஊர்க்கதை. ஏமாற்றமும் உடல் வலியுமாய் முடிவது. கூடவே என்பது இரண்டு உயிர்களோடு முடிந்த கதை ஒன்றும் உண்டு. அதை அறியாதவர் அறிய வேண்டும்.

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பெண் ரிசானா நபீக். தமிழ் பேசும் ஏழைக் குடும்பம். 2005 மே திங்களில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். பிறப்புச் சான்றின்படி அப்போது அவளுக்கு 17 வயது. கடவுச்சீட்டிலோ வயது கூட்டிப் பதியப்பட்டிருந்தது. பெருக்கவும் துவைக்கவும் போனவளிடம் நான்கு மாதக் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. கைக்குழந்தையைப் பேணும் பயிற்சி அவளுக்கு எவரும் தந்ததில்லை. வேலையில் சேர்ந்து ஒரு திங்கள்கூட முடியவில்லை; மே 22 அன்று, அவள் புட்டிப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தை இறந்தது. புரையேறி மூச்சடைத்தது, தடவிக் கொடுத்தேன் என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது குழந்தையின் குடும்பம். தொடக்க விசாரணையில் அவள் மொழியைச் சரிவர அறிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் முறையிட்டன. 2007 சூன் திங்களில் மரண தண்டனை விதித்தனர். உலகெங்கும் வேண்டுகோள்கள் எழுந்தன. 2013 சனவரி 9 அன்று அவள் தலை வெட்டப்பட்டது.

அந்த நீதியின் கொடுமை தனியே பேசத்தக்கது. நாம் இங்கே கேட்பது அதற்கு முந்திய கேள்வி. வீட்டு வேலைக்கென்று வந்த 17 வயதுப் பெண்ணின் கையில் நான்கு மாதக் குழந்தையையும் பால் புட்டியையும் வைத்தபோது, அங்கே சொல்லப்பட்ட சொல் அரபு மொழியில் என்னவாக இருந்திருக்கும்? நமக்குத் தெரிந்த தமிழில் அதன் பொருள் கூடவே. வேலை வேறு, குழந்தை வேறு என்று ஒரு தாளில் எழுதி, அதன்படி நடந்திருந்தால், அந்த நண்பகலில் புட்டி அவள் கையில் இருந்திராது.

எழுதச் சொல்லும் சட்டம் உலகில் இல்லாமல் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, வீட்டுப் பணியாளருக்கு இன்ன வகை வேலை, இவ்வளவு ஊதியம், இவ்வளவு நேரம் என்பவற்றைத் தெளிவாய் அறிவிக்க வேண்டும் என்கிறது, கூடுமாயின் எழுத்திலே. ஹாங்காங்கில் அயல்நாட்டுப் பணிப்பெண்ணுக்குரிய ஒப்பந்தப் படிவத்தோடு பணிகளின் அட்டவணையே இணைக்கப்படுகிறது. சிங்கப்பூரில் 2013 முதல் வார ஓய்வு நாள் சட்டமாயிற்று. இந்தியா அந்த உடன்படிக்கைக்கு ஆதரவாய் வாக்களித்தது. ஏற்புறுதி இன்றளவும் அளிக்கவில்லை. வீட்டுப் பணியாளர்க்கெனத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் நடுவணரசைப் பணித்தது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018இல் அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கணக்கில் வரையப்பட்டது. மணிக்கு 40 ரூபாயைக்கூட எட்டாத தொகைதான். எனினும் அதில் ஒரு வெளிச்சம் உண்டு. மணி என்றால் மணி. குழந்தை விழித்திருக்கும் மணி, உறங்கும் மணி என்று அரசாணை இரண்டு வகை செய்யவில்லை!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆயாவை அமர்த்தும் பெண் ஆசிரியர் மாளிகைச் சீமாட்டியல்லர். தனியார் பள்ளி தரும் சம்பளத்தில் ஒரு பெரும்பகுதியை அப்படியே ஆயாவின் கையில் வைப்பவர். பாத்திரத்துக்குத் தனி ஆள், துணிக்குத் தனி ஆள் என்றால் அவர் எங்கே போவார்? இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அதை அவர் ஆயாவிடம் கேட்பதுதான் இடம் மாறிய கேள்வி. அந்த வீட்டில் இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றனவே — செய்தித்தாளைப் பிடித்தபடி! ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறங்கும் சுமை, வழியில் ஆண்மகனைச் சற்றும் தீண்டாமல், நேரே வேறொரு ஏழைப் பெண்ணின் முதுகில் ஏறுமாயின், அதை முன்னேற்றம் என்று நாம் எப்படிக் கூறுவது?

அது அங்கேயும் நிற்பதில்லை. ஆசிரியர் என்ற முறையில் நாம் கண்டதைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே, வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், வரவில்லை என்ற குறி. கேட்டால் தலைவலி என்பாள், வயிற்றுவலி என்பாள். வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். தாய் ஒரு வீட்டில் ஆயா. மாலை ஐந்துக்குத் திரும்ப வேண்டியவள் ஏழுக்குத் திரும்புகிறாள். காலையில் எட்டுக்குப் போக வேண்டியவள், “சீக்கிரம் வந்தால் கூடவே வாசலும் தெளித்துவிடலாம்” என்பதால் ஆறுக்கே போகிறாள். இரண்டு வயதுத் தம்பியை அங்கன்வாடி திறக்கும் வரையிலும், மூடிய பின்னும், அவனுக்குக் காய்ச்சல் கண்ட நாள் முழுவதும் யார் பார்ப்பது? அந்தச் சிறுமி பார்த்தாள். சம்பளமில்லாத ஆயா, 12 வயது. யார் வீட்டுக் குழம்புச் சட்டியோ அவளுடைய பின்ன வகுப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைத் துலக்கச் சொன்னவர் கல்வியின் பெருமை பற்றி மேடையில் நன்றாகவே பேசக் கூடியவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அந்தத் தாய் இப்போது அங்கே இல்லை. நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியத் தம்பதியின் வீட்டில் இருக்கிறாள். சேர்ந்த அன்று, பள்ளி நோட்டுத் தாள் ஒன்றில் வேலைகளை எழுதினார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை; ஞாயிறு விடுமுறை; குழந்தையின் உணவு, குளியல், துணி, உறக்கம்; நேரம் கடந்தால் மணிக்கு இவ்வளவு. பெரியவர்களின் துணியை மடிப்பதைச் சேர்க்கலாமா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். “அது வேண்டாமுங்க டீச்சர். கொழந்தைக்கு ராகி ஊற வெச்சு முளை கட்டி அரைச்சுத் தர்றேன், அத எழுதிக்கோங்க” என்றாள். எழுதிக்கொண்டார்கள். காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவருக்கு, எந்த எண்ணில் பேசுவது என்பதையும் அவளே கேட்டு எழுத வைத்தாள்.

பாத்திரம் துலக்குவது அந்தத் தாளில் இல்லை. இரவு உணவுக்குப் பின் வீட்டுக்காரர் அதைச் செய்கிறாராம். முதல் வாரத்தில் இரண்டு பீங்கான் தட்டுகள் உடைந்தன என்று கேள்வி.